ஆட்டக்காரர்கள் சொல்வதை கேம் மாஸ்டர் எதுவரை ஏற்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: நண்பர்களுக்கு டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் கதை விளையாட்டு, நடத்துகிறீர்கள். அப்படி நடத்துபவர்தான் கேம் மாஸ்டர். அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் ஆட்டம் திசைக்கொன்றாகச் சிதறுகிறது. பிடியை இறுக்கினால் எல்லோரும் கதை கேட்க வந்தவர்கள் போல உட்கார்ந்துவிடுகிறார்கள். எத்தனை சதவீதம் விட்டுக்கொடுப்பது என்று கேட்கிறீர்கள்.

பல வருடங்களாக ஆட்டம் நடத்தியும் வருகிறேன், பிறர் நடத்த ஆடியும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சதவீதக் கணக்கு இங்கே உதவாது. எந்த விஷயத்தில் யாருடைய சொல் செல்லும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கதாபாத்திரம் என்ன நினைக்கிறது, எதைச் செய்யத் துணிகிறது என்பதெல்லாம் ஆட்டக்காரர் கையில். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எதிரி எதற்குத் திட்டம் போடுகிறான் என்பதெல்லாம் உங்கள் கையில். துணிந்த காரியம் பலித்ததா என்ற கேள்வி வந்தால் ஆட்ட விதிகளும் பகடையும் தீர்மானிக்கட்டும். நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி, ஒருவர் இன்னொருவரின் எல்லைக்குள் காலை வைத்ததால் வந்தவை. “பேயைப் பார்த்ததும் நீ பயந்து ஓடுகிறாய்” என்று கேம் மாஸ்டர் சொல்வதும் அத்துமீறல்தான். “நான் வெட்டினேன், அவன் செத்துட்டான்” என்று ஆட்டக்காரர் சொல்வதும் அத்துமீறல்தான்.

இந்த இழுபறி ஆர்பிஜி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்து ஊர் ஒன்றை வைத்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். அதன் பெயர் பிரவுன்ஸ்டைன். ஒவ்வொருவருக்கும் ஒரு வேடம், ஒரு நோக்கம். ஆடியவர்களோ அவர் திட்டத்தில் இல்லாத வேலைகளில் இறங்கிவிட்டார்கள். அவர் அந்த இடத்திலேயே விதி கட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்டம் குலைந்துவிட்டது என்று அவர் நினைக்க, ஆடியவர்கள் இதே போல் இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன்தான் பின்னர் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியை உருவாக்கினார். 1974இல் வெளிவந்த அதன் முதல் விதிகளில் ஆட்டத்தை நடத்துபவருக்கு நடுவர் என்றுதான் பெயர். எனக்கு அந்தப் பெயர் இன்றும் பிடிக்கும். நடுவருக்கு அதிகாரம் முழுதாக உண்டு, ஆனால் யார் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாது.

அந்த அதிகாரத்தை எந்த நேரத்தில் காட்டுவது? பகடை உருளும் முன்பு. எனக்குத் தெரிந்தவற்றில் இதைத் தெளிவாக விதியாக்கியது 2017இல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆர்பிஜி. அதில் எந்தத் திறமையை வைத்து ஒரு காரியத்தைச் செய்வது என்பதை ஆட்டக்காரர்தான் தேர்ந்தெடுப்பார், அதில் கேம் மாஸ்டர் குறுக்கிட முடியாது. ஆனால் அந்த முயற்சி எவ்வளவு ஆபத்தானது, பலித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை கேம் மாஸ்டர்தான் சொல்வார். அதைக் கேட்ட பிறகு ஆட்டக்காரர் மனம் மாறி வேறு வழி தேடலாம். நீங்கள் எந்த விதிப் புத்தகத்தை வைத்து ஆடினாலும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். “கூரை வழியாகப் போகலாம். தவறினால் விழுவதோடு நிற்காது, காவலர்கள் மணி அடித்துவிடுவார்கள். பரவாயில்லையா?” இப்படி ஒரு வரி சொல்லிவிட்டால், பிறகு வரும் தோல்வி அவர் தெரிந்தே எடுத்த முடிவின் விளைவு. உங்கள் மீது கோபம் வராது.

இதே காரணத்தால், கேம் மாஸ்டர் தன் முன்னால் வைக்கும் மறைப்புத் திரைக்குப் பின்னால் பகடையின் எண்ணை மாற்றிச் சொல்வதை நான் அறவே எதிர்க்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்தாலும் சரி. ஒரு முடிவை உங்களால் ஏற்க முடியாதென்றால் அதற்காகப் பகடையை எடுக்கவே வேண்டாம், நடந்ததை நேராகச் சொல்லிவிடுங்கள். எடுத்துவிட்டால் விழுந்த எண்ணுக்குக் கட்டுப்படுங்கள்.

அடுத்தது, பலரும் தடுமாறும் இடம். ஆட்டக்காரர் உலகத்தைப் பற்றியே ஒரு புதுத் தகவல் சொல்கிறார். “இந்தக் கோட்டையில் என் அண்ணன் வேலை பார்க்கிறான்.” உங்கள் குறிப்புகளில் அப்படி ஒரு அண்ணன் இல்லை. என் பதில் பெரும்பாலும் ஒரு கேள்வியாக இருக்கும்: “அப்படியா? கடைசியாக அவனிடம் எப்போது பேசினாய்? ஏன் பேச்சு நின்றது?” இப்போது அண்ணன் வந்துவிட்டான், கூடவே ஒரு பழைய மனக்கசப்பும் வந்துவிட்டது. கோட்டைக் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆட்டக்காரர் தந்ததை முழுதாக ஏற்றுக்கொண்டீர்கள், சிக்கலும் கரைந்துவிடவில்லை. அவர் தானே கண்டுபிடித்த அண்ணன் என்பதால் அந்தக் காட்சியில் காட்டும் ஈடுபாடு வேறு மாதிரி இருக்கும்.

மறுக்க வேண்டிய நேரமும் உண்டு. “கொலைகாரன் யாரென்று அரசர் என்னிடம் முன்பே சொல்லிவிட்டார்” என்றால் நான் தயங்காமல் முடியாது என்பேன். சிக்கலையும் அதன் தீர்வையும் ஒரே ஆளே உண்டாக்கினால் ஆட்டத்தில் சுவை இருக்காது என்பது ஆட்டம் வடிவமைப்பவர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் கருத்து. என் அனுபவமும் அதுதான். ஃபேட் என்ற ஆட்டத்தில் ஒரு புள்ளியைச் செலவழித்துக் கதையில் தகவல் சேர்க்கலாம், அப்போதும் கேம் மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லலாம். பெயர், உறவு, ஊர் வழக்கம், பழைய கதை எல்லாம் வரட்டும். மர்மத்தின் விடையை மட்டும் நீங்கள் வைத்திருங்கள்.

கேள்வியில் நீங்கள் தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியம். ‘ஆட்டக்காரர்கள்’ என்று ஒரே ஆளாகப் பேசுகிறோம். மேசையில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் குரல் உயர்ந்தது. எல்லோருக்கும் சுதந்திரம் என்று விட்டால் அந்த ஒருவரின் ஆட்டமாகவே அது முடியும். உங்கள் கட்டுப்பாடு முழு வலிமையோடு வேண்டியது இங்கேதான். பேச்சைத் துணிந்து நிறுத்துங்கள். “ஒரு நிமிடம், நீ கதவருகே நிற்கிறாய், அப்படியே இரு” என்று அவரிடம் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பவர் பக்கம் திரும்புங்கள். “என்ன செய்கிறாய்?” என்று மொட்டையாகக் கேட்டால் கூச்சப்படுபவர் திணறுவார். “காவலன் உன்னைத்தான் உற்றுப் பார்க்கிறான், உன் கை எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள், பதில் வரும். ஒருவர் கதாபாத்திரம் இன்னொருவருடையதைத் தாக்கவோ திருடவோ போனால், தாக்கப்படுபவர் சம்மதிக்கிறாரா என்று ஆட்டத்தை நிறுத்திக் கேளுங்கள். எந்த மாதிரிக் காட்சிகள் வேண்டாம் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். அதில் ஒருவர் வேண்டாம் என்றாலே போதும், வாக்கெடுப்பு கூடாது.

தயாரிப்பைப் பொறுத்தவரை, நடக்கப்போவதை எழுதாதீர்கள், கதையில் இருக்கும் ஆட்களை எழுதுங்கள். யாருக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் அவர்கள் என்ன செய்து முடிப்பார்கள் என்று சில வரிகள் போதும். ஆட்டக்காரர்கள் எதிர்பாராத பக்கம் திரும்பினாலும் அந்த ஆட்களின் ஆசை மாறாது, அதை வைத்து என்ன நடக்கும் என்று உங்களால் சொல்ல முடியும். துப்பறியும் கதையென்றால், ஆர்பிஜி நடத்துவது பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொல்லும் வழியைப் பின்பற்றுங்கள்: அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள். ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். இது இருந்தால் அவர்களை ஒரு குறிப்பிட்ட அறைக்குள் தள்ளும் கட்டாயம் உங்களுக்கு வராது.

ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் “அடுத்த முறை எங்கே போவதாக எண்ணம்?” என்று கேட்டு, குழுவாக ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கே மலைக்கு என்றார்கள் என்றால் அந்த வாரம் மலையை மட்டும் தயாரித்தால் போதும். அவர்கள் தேர்ந்தெடுத்த திசை, நீங்கள் தயாரித்த மலை. வந்து உட்கார்ந்த பிறகு மனம் மாறி தெற்கே போக வேண்டும் என்றால், எனக்குத் தயாரிக்கப் பத்து நிமிடம் கொடுங்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். எந்தக் குழுவும் இதற்கு மறுத்து நான் பார்த்ததில்லை.