காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் கார்

இரவு முழுக்க நின்ற பெட்ரோல் கார் காலையில் வெகுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகிறது, பகலில் தொல்லையில்லை என்கிறீர்கள். சரி, டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பை மாற்ற அவசரப்படாதீர்கள். நாளைக் காலை சாவியை ஆன் செய்யுங்கள். பின்சீட்டுப் பக்கம் பம்ப் ஓரிரு விநாடி முனகி நிற்கும். ஆஃப் செய்து, இதையே மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், பெட்ரோல் குழாயில் (லைனில்) நிற்க வேண்டிய அழுத்தம் இரவில் இறங்கிவிடுகிறது.

அப்புறம் மெக்கானிக்கிடம் சொல்லி, ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். ரிட்டர்ன் லைன் (மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) இல்லாத வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் காட்டும். எஞ்சினை அணைத்ததும் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு அடைக்கட்டும் (பிளாஸ்டிக் குழாயை நெரிக்க விடாதீர்கள், உடைந்துவிடும்). முள் அசையாமல் நின்றால் டேங்குக்குள் செக் வால்வோ (பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுப்பது) ரெகுலேட்டரோ (அழுத்தத்தைச் சீராக வைப்பது) கசிகிறது. அப்போதும் இறங்கினால், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிகிறதா என்று சந்தேகப்படுங்கள். அப்படியானால் காலையில் கழற்றிப் பார்த்தால் ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருக்கும்.