விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை: பேட்டரியா, மோட்டாரா?

கேள்வி: என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். காலையில் சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் நன்றாக எரிகின்றன. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. நாலைந்து முறை திருப்பினால் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் சந்தேகம் மோட்டார் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இதே அறிகுறியைக் காசு செலவில்லாத இரண்டு கோளாறுகளும் காட்டும். அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் மோட்டாரில் கை வைக்க வேண்டும்.

டாஷ்போர்டு விளக்கு எரிவதை வைத்து பேட்டரிக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அந்த விளக்குகளுக்கு ஓரிரு ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாரோ சின்ன பெட்ரோல் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் பெரும்பாலும் ‘டக டக டக’ என்று வேகமாக அடிக்கும், இல்லையென்றால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும். உங்களுடையது ஒற்றை ‘டக்’. அதாவது மோட்டாரின் மேலிருக்கும் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வேலை செய்கிறது. அதைத் தாண்டி மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கேபின் விளக்கைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்தபடியே சாவியைத் திருப்புங்கள். (ஹெட்லைட்டை நம்ப வேண்டாம், சில கார்களில் ஸ்டார்ட் செய்யும்போது அது தானாகவே அணையும்.) விளக்கு நன்றாக மங்கிப்போனால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. சட்டென்று முழுவதும் அணைந்தால் பேட்டரி முனையில் கேபிளைக் கவ்வும் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை. துளிகூட மங்காமல் ‘டக்’ மட்டும் கேட்டால் மோட்டாரின் உள்ளே கோளாறு, அல்லது பேட்டரியின் மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் கேபிள் கெட்டிருக்கிறது. இந்தக் கடைசி ஆளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்விளக்குகளுக்கு பாடி வழியாக எர்த் கிடைத்துவிடுவதால் அவை பளிச்சென்றே இருக்கும், ஆளை ஏமாற்றும்.

அடுத்தது மல்டிமீட்டர். காலையில் காரை எடுப்பதற்கு முன்பே பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்து வோல்ட்டை அளக்க வேண்டும். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் பேட்டரி காலி. பிறகு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். இன்ஜின் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மறுபடி சோதியுங்கள். அப்போதும் அப்படியே இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். நம்மூர் வெயிலில் மூன்று, நான்கு வருடத்தில் பேட்டரி ஓய்வது சாதாரணம். ஸ்டார்ட் ஆன பிறகு 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. 13-ஐயே தொடவில்லை என்றால் புது பேட்டரி போட்டாலும் சில நாளில் இதே கதைதான்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் 10 எம்எம் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது. உப்புத்தாளால் பேட்டரியின் ஈயக்குமிழும் கிளாம்ப்பின் உள்பக்கமும் மின்னும்வரை தேய்த்து, பிளஸை முதலில் மாட்டி, மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். கையால் திருகிப் பார்த்தால் கிளாம்ப் அசையக் கூடாது. மேலே கொஞ்சம் வாஸ்லின். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மோதிரம், வளையலையும் கழற்றிவிடுங்கள்.

இனி எர்த். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக்குமிழின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. மற்றதை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. கேபிள் பாடியிலும் கியர்பாக்ஸிலும் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்துவிட்டு முறுக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிளஸ் பக்கமும் இதேபோல பேட்டரி குமிழிலிருந்து மோட்டாரின் தடித்த கேபிள் நட் வரை அளக்கலாம், 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ‘டக்’ தொடர்ந்தால், இரண்டாவது மெக்கானிக் சொன்னது சரி. ஆனாலும் முழு மோட்டாரையும் மாற்றத் தேவையில்லாமல் போகலாம். மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தாலோ, சொலினாய்டுக்குள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் கருகினாலோ இப்படித்தான் விட்டுவிட்டு வேலை செய்யும். ஒவ்வொரு முயற்சியிலும் அவை கொஞ்சம் வேறுவிதமாகத் தொடுவதால் நாலாவது, ஐந்தாவது தடவையில் பிடித்துக்கொள்கிறது. ஒருவர் சாவியைப் பிடித்திருக்க, மற்றவர் மோட்டார் உடம்பை ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டும்போது சுற்ற ஆரம்பித்தால் பிரஷ் மேல்தான் சந்தேகம். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் மோட்டாரைக் கழற்றித் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிரஷும் சொலினாய்டும் தனியாகக் கிடைக்கும் மாடல்களே அதிகம். செலவு புது மோட்டாரில் ஒரு சிறு பங்குதான்.

அதுவரை சமாளிக்க: சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், அடுத்த முயற்சிக்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். உங்களுடையது மேனுவல் என்பதால் இக்னிஷனை ஆன் செய்து, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்துத் தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்சை விடலாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாக இருக்கும். சரிவான ரோட்டில் முயல வேண்டாம். கோளாறு மோட்டாரில் என்றால் ஜம்பர் கேபிள் போட்டு இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்தும் பயனில்லை.