கேள்வி - பதில்: ஒரே ஊரில் இரண்டு வீடு

கே: டப்பிங் செய்த துருக்கி சீரியல்களை விடாமல் பார்க்கிறேன். எல்லாமே இஸ்தான்புல், எல்லாமே கடலோர பங்களா. அங்கே சின்ன ஊர்களில் ஜனங்கள் எப்படித்தான் வாழ்ந்தார்கள்?
- வாசகி, மதுரை

ப: இஸ்தான்புல்லுக்கு வெளியே நான் தங்கிச் சுற்றிய ஊர் சஃப்ரன்போலு. அங்காராவுக்கு வடக்கே, பஸ்ஸில் மூன்று மணி நேரம். 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர்.

அந்த ஊர்க்காரர்களின் பழைய வழக்கத்தைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். கொஞ்சம் வசதி இருந்தால் ஒரே ஊரில் இரண்டு வீடு. குளிர்காலத்துக்குச் சார்ஷி என்கிற கடைவீதிப் பகுதி. பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடப்பதால் வாடைக்காற்று அண்டாது. வெயில் ஏறியதும் சட்டி பானை, படுக்கையோடு குடும்பமே மேட்டிலிருக்கும் பாலார் பகுதிக்குக் குடிபோய்விடும். அங்கே வீட்டைச் சுற்றித் திராட்சைக் கொடியும் பழமரங்களும். தூரம் என்னவோ சில கிலோமீட்டர்தான். ஆண்கள் காலையில் இறங்கி வந்து கடை திறந்துவிட்டு, சாயங்காலம் ஏறிப் போவார்கள்.

வீட்டுக்குள் வாருங்கள். கீழ்த்தளம் கல்கட்டு, மாடு, கழுதை, விறகு, தானியம் எல்லாம் அங்கே. அதற்கு மேலே மரச்சட்டம் அடித்து, இடையில் சுடாத செங்கல் அடைத்து, வெள்ளை பூசியிருப்பார்கள். மாடி தெருவுக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். மாடியில் நடுவே கூடம், சுற்றிலும் அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு தனிக்குடித்தனத்துக்குப் போதும்: சுவரோரம் உட்காரத் திண்டு போட்ட மேடை, குளிர் காய அடுப்பு, பகலில் மெத்தையைச் சுருட்டி வைக்க அலமாரி. அந்த அலமாரியிலேயே ஒரு பக்கம் குளிக்கிற இடம்! நான் தங்கிய பழைய வீட்டு விடுதியிலும் அதே ஏற்பாடுதான். சட்டையை மாட்டலாம் என்று கதவைத் திறந்தால் உள்ளே ஷவர். என் உடம்புக்கு அதற்குள் திரும்ப இடமில்லை. சோப்பு விழுந்தால் வெளியே வந்துதான் குனிய வேண்டும்.

பெண்கள் பகுதி வேறு, ஆண்கள் பகுதி வேறு. சில வீடுகளில் நடுச்சுவரில் சுழலும் அலமாரி ஒன்று இருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து தட்டை வைத்துச் சுற்றிவிட்டால் விருந்தாளி பக்கம் போய் நிற்கும். வைத்த கையை யாரும் பார்க்க முடியாது. தச்சரின் கெட்டிக்காரத்தனத்தை நான் ரசித்தேன். அந்தப் பக்கம் நின்றவள் ரசித்திருப்பாளா என்பது வேறு விஷயம்.

கே: இத்தனை பழைய வீடுகளை இடிக்காமல் எப்படி விட்டு வைத்தார்கள்?
- வாசகர், திருச்சி

ப: பாரம்பரியப் பற்று என்று சொல்ல ஆசைதான். ஆனால் பணம் வேறு பக்கம் போனதுதான் காரணம் என்பேன். வணிகர் கூட்டங்கள் தங்கிப்போகும் பாதையில் இருந்ததால் வளர்ந்த ஊர் இது. ரயில் காலத்தில் அந்தப் பிழைப்பு போயிற்று. 1937-இல் பக்கத்திலுள்ள கராபுக்கில் இரும்பு உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதுவரை அது சில வீடுகள் மட்டுமே கொண்ட குக்கிராமம் போலத்தான். தோல் பதனிட்டவர், செருப்புத் தைத்தவர் வீட்டுப் பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்கு ஆலைக்குப் போனார்கள்.

இதற்கு முன்பே ஊரின் ஒரு பகுதி காலியாகியிருந்தது. கிரான்கோய் பகுதியில் இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள், 1923-இல் துருக்கியும் கிரீஸும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. அவர்களுடைய தேவாலயம் இன்று மசூதி. பிற்பாடு புதுக் கட்டடங்கள் அந்தப் பக்கம்தான் எழும்பின. பள்ளத்துச் சார்ஷியை இடித்துக் கட்ட ஆளில்லை. அப்புறம் 1970-களில்தான் இந்த வீடுகளின் அருமை வெளியே பேசப்பட்டது. 1995-இல் கராபுக் மாகாணத் தலைநகரானது. நேற்று முளைத்த ஊருக்குக் கீழே சஃப்ரன்போலு இப்போது ஒரு வட்டம்!

கே: ஜின் என்கிற பேயை ஓட்டுபவர் கட்டிய சத்திரம் அங்கே இருக்கிறதாமே?
- வாசகர், புதுச்சேரி

ப: இருக்கிறது. ஜின்ஜி ஹான் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டுக் கல் சத்திரம், இப்போது ஹோட்டல். கட்டியவர் இவ்வூர்க்காரரான ஹுசைன் எஃபெண்டி. சுல்தான் இப்ராஹிமின் மனக்கோளாறைத் தன் ஓதுதலால் தீர்ப்பதாகச் சொல்லி அரண்மனைக்குள் நுழைந்து, உயர்ந்த நீதிபதி பதவி வரை ஏறிவிட்டார். லஞ்சமாகக் குவித்த சொத்து கொஞ்சநஞ்சமல்ல. 1648-இல் சுல்தானைக் கவிழ்த்ததும் இவரையும் கொன்று, பெட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். புதுப் பட்டாபிஷேகத்துக்குப் படையினருக்கு இனாம் கொடுக்க அந்தப் பணம் உதவியது. ‘ஜின்ஜி காசு’ என்றே அதைச் சொன்னார்களாம்.

கே: ஊர்ப் பெயரிலேயே குங்குமப்பூ இருக்கிறது. நிஜமாக விளைகிறதா? போனால் வாங்கலாமா?
- வாசகி, கோவை

ப: விளைகிறது, ஆனால் கொஞ்சமாக. ஒரு காலத்தில் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, சுற்றுக் கிராமங்களில் மறுபடி பயிர் செய்கிறார்கள். அக்டோபர் கடைசியில் போனால் ஊதாப் பூவைப் பார்க்கலாம். பூவுக்கு மூன்று சிவப்பு இழைதான். ஒரு கிலோ சேர ஒன்றரை லட்சம் பூக்கள் வரை வேண்டும். அதனால் சல்லிசாக யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். குங்குமப்பூ போட்ட மஞ்சள் லோகும் மிட்டாய் வாங்குங்கள். கடைக்காரர் முதலில் ஒரு துண்டு சாப்பிடக் கொடுப்பார். தெருவெல்லாம் உருளைக்கல், ஹீல்ஸ் வேண்டாம்.