சூப்பர்வைசர் உங்கள் செஷனைக் கேட்பாரா?

கேள்வி: மருத்துவ உளவியல் படிப்பை முடிக்கப்போகிறேன். ஒரு தனியார் தெரபி மையத்தில் ரெசிடென்சி பயிற்சிக்கு அழைத்திருக்கிறார்கள். வாரம் 25 பேரைப் பார்க்க வேண்டும், சூப்பர்விஷன், அதாவது மூத்த தெரபிஸ்ட் ஒருவரின் வழிகாட்டல், ஒரு மணி நேரம். மருத்துவமனையில் கிடைக்கும் அனுபவம் இங்கே கிடைக்குமா? சேரலாமா?

பதில்: 25 என்ற எண்ணைப் படித்ததுமே எனக்குக் கவலையாக இருந்தது. தனியார் மையத்தின் வருமானம் செஷன்களில் இருக்கிறது. நீங்கள் சூப்பர்வைசர் முன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இருவருக்குமே வருமானம் இல்லை. அதனால் வேலை கூடும்போது முதலில் கைவிடப்படுவது அந்த ஒரு மணி நேரம்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, "இந்த வாரம் மட்டும்" என்றுதான் ஆரம்பிக்கும். நாள், நேரம், ரத்தானால் மாற்று நேரம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எட்டு, பத்துப் பேரில் தொடங்கி மெல்ல ஏற்றச் சொல்லுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். நீங்கள் சொல்வதை வைத்து யோசனை சொல்வாரா, செஷனின் பதிவையே கேட்பாரா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பயிற்சியில் இருப்பவர் பொய் சொல்வதில்லை, ஆனால் தான் கவனிக்காததை அவரால் சொல்ல முடியாது. அம்மாவைப் பற்றிப் பேசியபோது கிளையன்டின் குரல் தணிந்ததும், நீங்கள் பதறிப்போய்ப் பேச்சை மாற்றியதும் உங்கள் குறிப்பில் இருக்காது, பதிவில் இருக்கும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் ஒருவரின் சிகிச்சை முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, 1942-இலேயே வார்த்தை மாறாமல் அச்சிட்டார். இன்று எந்த மையமும் 'வசதியில்லை' என்று சொல்ல முடியாது. கிளையன்டின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் மட்டும் கட்டாயம். நீங்கள் பயிற்சியில் இருப்பவர் என்பதும், சூப்பர்வைசரின் பெயரும் முதல் செஷனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுபவத்தைப் பொறுத்தவரை, மருத்துவமனை வார்டில் நோயாளி ஓரளவு தேறியதும் அனுப்பிவிடுவார்கள். இங்கே ஒரே மனிதரோடு மாதக்கணக்கில் பயணம் செய்யலாம். தெரபி உண்மையில் எப்படி வேலை செய்கிறது, எங்கே தேங்குகிறது என்பதை அப்படித்தான் கற்க முடியும். ஆனால் தீவிர மனச்சிதைவு, மூளைக் காயத்துக்குப் பிந்தைய நரம்பு உளவியல் சோதனைகள் போன்றவை இங்கே அரிதாகவே வரும். வாரம் ஒரு நாளாவது மருத்துவமனையில் வேலை பார்க்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.

மாலை கடைசி செஷனில் ஒருவர் தற்கொலை எண்ணத்தைச் சொல்கிறார் என்று வையுங்கள். பக்கத்து அறையில் மனநல மருத்துவர் இருக்க மாட்டார். அப்போது யாரை அழைப்பீர்கள்? அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத மையத்தில், எத்தனை பெரிய பெயர் இருந்தாலும், சேராதீர்கள்.

முடிவெடுக்கும் முன், அங்கே பயிற்சி முடித்துப் போன ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். கடைசி மூன்று மாதங்களில் எத்தனை சூப்பர்விஷன் ரத்தானது என்று அவரைக் கேளுங்கள்.