மணி ஓடும்போது அடுப்படி: சமையல் போட்டி கேள்வி–பதில்

தொலைக்காட்சிச் சமையல் போட்டிக்குப் போக ஆசைப்படும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: முன்தேர்வுக்கு வீட்டிலிருந்து ஓர் உணவு சமைத்து எடுத்து வரச் சொல்கிறார்கள். என் நெய் ரோஸ்டும் மூன்று சட்னியும் எங்கள் தெருவுக்கே பிடிக்கும். அதையே கொண்டுபோகலாமா?
– வாசகி, விருதுநகர்

ப: வேண்டாம். முறுகல் தோசை கல்லிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் நமத்துவிடும். பெயர் பதிந்து, வரிசையில் காத்திருந்து, உங்கள் முறை வருவதற்குள் மணிக்கணக்கில் ஆகலாம். அங்கே போனதும் தட்டில் அடுக்கத்தான் சில நிமிடங்கள் கிடைக்கும்; புதிதாகச் சமைக்க வழி இருக்காது.

ஆறினாலும் ருசி குறையாததை எடுத்துக்கொள்ளுங்கள். புளியோதரை, வத்தக்குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், இஞ்சித் தொக்கு போன்றவை ஊற ஊற நன்றாக இருக்கும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பும் பால் சேர்ந்த இனிப்பும் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்பக்கூடியவை அல்ல. கொண்டுபோனால் ஐஸ் பெட்டி வேண்டும். வடகம், அப்பளம், வறுத்த கறிவேப்பிலை எல்லாவற்றையும் காற்றுப்புகாத டப்பாவில் தனியாக வைத்து, தட்டில் அடுக்கும்போது மட்டும் சேருங்கள்.

ஒத்திகை ஒன்று கட்டாயம் பாருங்கள். சமைத்ததை நான்கு மணி நேரம் மூடி வைத்து, சூடு பண்ணாமல் சாப்பிடுங்கள். நடுவர் வாயில் வைக்கப்போவது அந்த ருசியைத்தான்.

கே: கேட்டரிங் படித்தவர்கள்தான் ஜெயிப்பார்களா?
– வாசகர், தேனி

ப: இல்லை. இந்தப் போட்டிகள் பெரும்பாலும் வீட்டுச் சமையல்காரர்களுக்கானவை. ஓட்டல் அடுப்படியில் தொழிலாகச் சமைப்பவர்களை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. 2010-இல் மாஸ்டர்செஃப் இந்தியாவின் முதல் பருவத்தில் வென்ற பங்கஜ் பதௌரியா பள்ளி ஆசிரியை. 2018-இல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவை வென்ற, சிங்கப்பூரில் பிறந்த சசி செல்லையா சிறைக் காவல் அதிகாரி.

கே: அறுபது நிமிடத்தில் சீரக சம்பா மட்டன் பிரியாணி முடியுமா? வீட்டில் பழகும்போது ஒவ்வொரு முறையும் கடைசியில் கறி வேகவில்லை, அல்லது சாதம் குழைந்துவிடுகிறது.
– வாசகி, திண்டுக்கல்

ப: கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நிமிடமே அரிசியை ஊறப்போட்டுவிட்டீர்கள். வெங்காயம் நறுக்கி, இஞ்சி பூண்டு அரைத்து, அரை கிலோ கறியைக் குக்கரில் ஏற்றப் பத்து நிமிடம். இளங்கறியானாலும் சூடேறி, வெந்து முடிய இருபது நிமிடத்துக்குக் குறையாது. ஆவி தானாக அடங்க இன்னொரு எட்டு, பத்து நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் கறித்தண்ணீரை அளந்து, வதக்கிய மசாலாவில் ஊற்றுகிறீர்கள். அது கொதிக்க நான்கு நிமிடம், அரிசி போட்டு வற்ற எட்டு, தம் பத்து. அறுபத்திரண்டு ஆகிவிட்டது, தட்டை இன்னும் தொடவே இல்லை.

இந்த இரண்டு நிமிடத்தைப் பிடிக்கப்போய்த்தான் தப்பு நடக்கிறது. குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை ஒரேயடியாக விட்டால் உள்ளே இருக்கும் நீர் பொங்கிக் கொதித்து, கறியின் சாறு வெளியேறி நார் நாராகிவிடும். தம் நேரத்தைக் குறைத்தால் மேல் சாதம் அரிசியாகவும் அடிச் சாதம் குழைந்தும் இருக்கும். கறித்தண்ணீரை அளக்காமல் ஊற்றுவது மூன்றாவது தப்பு. அகலப் பாத்திரத்தில், ஊறிய சீரக சம்பா ஒரு கப்புக்கு மொத்தம் ஒன்றே முக்கால் கப் திரவம் போதும். கறி விட்ட நீர், தயிர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

எங்கள் யோசனை: எலும்புடன் கோழித் தொடைக்கறியில் பிரியாணி செய்யுங்கள். கறியும் சாதமும் ஒரே பாத்திரத்தில் வெந்து, கையில் பத்து நிமிடம் மிஞ்சும். மட்டன்தான் வேண்டுமென்றால் கொத்துக்கறி வாங்கிக் கோலா உருண்டையாக்குங்கள். கால் கிலோ கொத்துக்கறிக்குப் பொட்டுக்கடலை மாவு மூன்று மேசைக்கரண்டி. மிதமான எண்ணெயில் நான்கைந்து நிமிடத்தில் வெந்துவிடும். கறியைக் கழுவிய ஈரம் நின்றால் எண்ணெயில் உடைந்துபோகும். துணியில் கட்டிப் பிழிந்துவிட்டு அரையுங்கள். எண்ணெய் புகைந்தால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். ஒரே ஓர் உருண்டையை முதலில் போட்டு, பிட்டுப் பார்த்து, உப்பும் வேக்காடும் சரி என்ற பிறகு மற்றவற்றைப் போடுங்கள். அந்த ஓர் உருண்டைக்குச் செலவாகும் ஐந்து நிமிடத்தைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

கே: வீட்டில் என் கைப்பக்குவம் தப்பியதே இல்லை. வேறு இடத்தில் சமைத்தால் மட்டும் உப்பு கூடிவிடுகிறது. ஏன்?
– வாசகி, கும்பகோணம்

ப: நீங்கள் வீட்டில் கல் உப்புப் போடுபவராக இருப்பீர்கள். கல் உப்பில் இடைவெளி அதிகம். அதே கரண்டியில் தூள் உப்பை எடுத்தால் எடை கூடுதலாக ஏறும். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் ஆறு கிராம். போட்டி அடுப்படியில் தூள் உப்புதான் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துப் பழகுங்கள்.

இன்னொரு காரணம், வற்றுவது. அகலமான பாத்திரமும் பெரிய அடுப்பும் கிடைத்தால் குழம்பு வீட்டைவிட வேகமாகச் சுண்டும், தொடக்கத்தில் போட்ட உப்பு கடைசியில் கரிக்கும். பாதி உப்பு முதலில், மீதி இறக்குவதற்கு முன்.

கைப்பக்குவம் பெரிய சொத்துதான், ஆனால் அது உங்கள் கரண்டி, உங்கள் சட்டி, உங்கள் அடுப்போடு பழகிய கை. மற்ற சாமான்களைவிட முதலில் வாங்க வேண்டியது கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு. ஒரு மாதம், வழக்கமாகச் சமைப்பதையே கண்ணளவாக எடுத்து, பாத்திரத்தில் போடும் முன் நிறுத்து, நோட்டில் எழுதுங்கள். உங்கள் 'ஒரு கைப்பிடி' துவரம் பருப்பு எத்தனை கிராம் என்று தெரிந்துவிட்டால் எந்த அடுப்படியிலும் பயமில்லை.

கே: இளநீர், தேங்காய்ப்பால் சேர்த்துப் புட்டிங் செய்தேன். ஒரு முறை உறையவே இல்லை, மறுமுறை நூல் நூலாகத் திரிந்தது.
– வாசகர், நாகர்கோவில்

ப: உறையாததற்கு ஜெலட்டின் காரணமாக இருக்கும். அரை லிட்டருக்கு ஏழு கிராம் போட்டாலும் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம் கேட்கும். அத்துடன் வேகவைக்காத அன்னாசியோ பப்பாளியோ சேர்த்திருந்தால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் உறையாது. அந்தப் பழங்களில் உள்ள நொதி ஜெலட்டினை அரித்துவிடும். பழத்தைக் கொதிக்க வைத்துச் சேர்த்தால் சிக்கல் இல்லை.

போட்டிக்கு ஏற்றது கடல்பாசி. ஒரு லிட்டர் கலவைக்குப் பத்து கிராம் இழை. சுமார் 40 டிகிரியிலேயே உறையத் தொடங்குவதால் குளிர்பெட்டி இல்லாமலும் நிற்கும். அதிலேயே உங்கள் இரண்டாவது சிக்கலும் இருக்கிறது. குளிர்ந்த தேங்காய்ப்பாலைக் கரைந்த பாசியில் ஊற்றினால் தொட்ட இடத்திலேயே உறைந்து நூலாகிவிடும். பாலையும் பாசியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரியும். எனவே பாசியை வெறும் தண்ணீரில் ஓர் இழைகூடத் தெரியாமல் கொதிக்கவிட்டுக் கரையுங்கள். தேங்காய்ப்பாலையும் இளநீரையும் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கி, இரண்டையும் சூட்டோடு சூடாகக் கலந்து, உடனே வடிகட்டி, இரண்டு விரல் உயரக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஆறியதும் இனிப்பு மங்கும். சூடாக ருசிக்கும்போது சற்றே திகட்டுவதுபோல் இருக்கட்டும்.

கே: நடுவர்கள் சாப்பிடும்போது உணவு ஆறியிருக்காதா?
– வாசகி, கரூர்

ப: ஆறிவிடும். எல்லாத் தட்டையும் படம்பிடித்து முடிக்க நேரமாகும். அதனால்தான் பல போட்டிகளில் நடுவர்கள் சமைக்கும்போதே மேசை மேசையாக வந்து ருசிபார்க்கிறார்கள். அப்போது நீட்டும் கரண்டியும் தேர்வுதான். உப்பு, புளிப்பு சரிபார்க்காத எதையும் "இன்னும் முடியவில்லை" என்று சொல்லி நீட்டாதீர்கள்.

கே: கம்பங்கூழ், பழைய சோறு மாதிரி எளிய உணவை வைத்தால் மதிப்பார்களா? வெளிநாட்டுப் பெயர் உள்ள உணவுதான் எடுபடும் என்கிறார்கள்.
– வாசகர், புதுக்கோட்டை

ப: மதித்ததற்குச் சாட்சி இருக்கிறது. 2021 மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா இறுதிச்சுற்றில் கிஷ்வர் சௌத்ரி வைத்தது பாந்தா பாத்தின் ஒரு வடிவம்: வங்காளிகளின் தண்ணீர்ச் சோறு, உருளைக்கிழங்கு மசியல், மீன். நம் பழைய சோற்றின் உடன்பிறப்பு அது. அவர் மூன்றாம் இடம் பெற்றார். அந்தத் தட்டு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

எளிய உணவு தோற்பது, ஒரே மென்மையாக இருக்கும்போது. கூழுக்கு மொறுமொறுப்பான மோர்மிளகாய் வேண்டும், கடிபட சின்ன வெங்காயம், கரிப்புக்குக் கருவாடு, புளிப்புக்கு மாவடு. மண்ணிற, குழிந்த கிண்ணத்தில் வையுங்கள். தட்டையான வெள்ளைத் தட்டில் ஊற்றினால் ஓடிப்போய் ஓரத்தில் வளையம் கட்டும். மோர்மிளகாயை நடுவர் முன் தட்டு நகரும் கடைசி நிமிடம்வரை தனியாக வைத்திருங்கள்.

கே: இட்லி மாவை ஒரு மணி நேரத்தில் புளிக்கவைக்க வழி உண்டா?
– வாசகி, ஆம்பூர்

ப: இல்லை. ஈஸ்ட் போட்டால் மாவு பொங்கும், ஆனால் புளித்த மாவின் வாசம் வராது. ரவா இட்லிக்குப் போங்கள்: வறுத்த ரவை ஒரு கப், புளித்த தயிர் ஒரு கப், கால் கப் தண்ணீர், பதினைந்து நிமிட ஊறல். ஆப்பசோடா கால் தேக்கரண்டியை இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகே கலந்து, உடனே தட்டில் ஊற்றுங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் குமிழிகள் அடங்கி, இட்லி தட்டையாக வரும்.