ஒருமுறை டெங்கு வந்து குணமானவருக்கு மறுபடி வராது, எதிர்ப்பு சக்தி இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மைங்க. உங்க வீட்டுல யாருக்கோ இப்பக் காய்ச்சல்னு தோணுது. அப்படின்னா மொதல்ல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, மீதியை அப்புறம் படிங்க.

நான் டாக்டர் இல்ல, திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறவ. "உனக்கென்ன தெரியும்"னு கமெண்ட்டுல வர்றவங்களுக்கு: எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவை வந்து, கூடவே இருந்து பாத்திருக்கேன்.

டெங்கு வைரஸ்ல நாலு வகை. ஒருக்கா வந்த வகை திரும்ப வராது. மத்த மூணுக்கும் கொஞ்ச மாசம்தான் பாதுகாப்பு. அதுக்கப்புறம் வேற வகை வந்தா, பழைய ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கற புரதம்) அது மேல போய் ஒட்டும், ஆனா முடக்காது. ஒட்டுனதை வெள்ளணு விழுங்கும், வைரஸ் அதுக்குள்ளயே பெருகும், அதனால ரெண்டாவது தடவை நோய் இன்னும் மோசமாகலாம். கியூபாவுல 1977ல முதல் வகை பரவுச்சு. 1981ல ரெண்டாம் வகை வந்தப்ப நெலமை ரொம்ப மோசமானவங்கள்ல பெரும்பாலானவங்க, முன்னாடி ஒருக்கா டெங்கு வந்தவங்கதான். எல்லாருக்கும் அப்படி ஆகாதுங்க, நெறையப் பேரு சாதாரணமாத் தேறிடறாங்க. பயமுறுத்தறேன்னு சண்டைக்கு வராதீங்க.

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டாவது தடவை மொத ரத்த ரிப்போர்ட்லயே ஐஜிஜிங்கற ஆன்டிபாடி எகிறியிருந்துச்சு. உடம்புக்குப் பழைய ஞாபகம் இருக்கறதால அது சீக்கிரம் ஏறுமாம். அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. "காச்சலே உட்ருச்சு, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம் அம்மணி"ன்னு மாமியார் பையெல்லாம் கட்டிட்டாங்க. இவரு கையத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு, வயித்துவலி, ரெண்டு மூணு வாந்தி. பாக்க வந்த சொந்தக்காரங்க அத்தனை பேரும் பிளேட்லெட் எவ்வளவுன்னே கேட்டாங்க, பப்பாளி இலைச் சாறு வேற. டாக்டர் பாத்தது பிசிவியை, அதாவது ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு பங்குன்னு காட்டற அளவை. அது ஏறுனா ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியுதுன்னு அர்த்தமாம். உடனே டிரிப்ஸ் போட்டு, ராத்திரி முழுக்க பிபி பாத்துட்டே இருந்தாங்க.

அதனால காய்ச்சல் விட்ட அந்த ஒண்ணு ரெண்டு நாளைத்தான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திப் பாக்கணும். கடையில வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க, பாராசிட்டமால் மட்டும்.

இன்னொண்ணு. எங்க வீதியில நல்லதண்ணி வாரம் பத்து நாளைக்கு ஒருக்காத்தான். டிரம்முல புடிச்சு வெக்காம என்ன பண்றது? சாயப்பட்டறையில இருந்து வர்ற நீல டிரம்முக்கு மூடியே கெடைக்காது, வேட்டியத்தான் கட்டி வெச்சிருந்தோம். கார்ப்பரேஷன்காரங்க டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, கொசுப்புழு இருக்குன்னு அபராதம் போட்டாங்க. மாடியில தெறந்து கெடக்கற டேங்க் வீட்டு ஓனருது. அங்க யாரும் ஏறிக்கூடப் பாக்கல.