பாவற்பிஞ்சுக்குள் புழு: மருந்தை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்

வணக்கம். திருகோணமலைக் கடற்கரையோரம், உப்புவெளியில் உள்ள உங்கள் வீட்டில் பாவற்பிஞ்சுகள் வளைந்து, மஞ்சளாகி விழுகின்றன; வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு; வேப்பெண்ணெய் இரண்டு தடவை தெளித்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புழுவைத் தரையில் விட்டுப் பாருங்கள். காலில்லாமல், ஒரு முனை கூராக இருந்து, முற்றியது சுருண்டு துள்ளினால் அது பழ ஈயின் புழுதான்.

ஈ பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. ஓரிரு நாளில் புழு பொரித்துவிடும். காய்க்குள் இருப்பதை மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் போன்ற மருந்து தொடாது. தயவுசெய்து கடுமையான நஞ்சுக்கு மாறாதீர்கள். அது நீங்கள் உண்ணப்போகும் காய்.

விழுந்த பிஞ்சை ஒருநாள்கூடத் தரையில் விடாதீர்கள். புழு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். உங்கள் பக்கத்து மணல் தரையில் அது எளிதாக இறங்கும். குத்துப்பட்ட காய்களையும் சேர்த்துக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரத்துக்கு மேல் வெயிலில் போடுங்கள். பசளைக் குழியில் கொட்டவே வேண்டாம். கொடியின் கீழ் மண்ணை அடிக்கடி மேலாகக் கிளறிவிடுங்கள்.

பூ வாடியதும் பிஞ்சுக்குப் பத்திரிகைத் தாள் உறை போடுங்கள். அதற்கு முன் மூடினால் தேனீ வராது, காய் பிடிக்காது. ஆண் ஈக்களைக் கவரும் பொறி துணைக்கு உதவும். முட்டையிடும் பெண் ஈ அதில் விழாது என்பதால் உறையைக் கைவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் பூசணி, பீர்க்கு, புடோல் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். அதே ஈ அங்கும் பெருகும்.